ராஜா மூன்று முறை செத்த மதியம்

ரங்கூனில் கலவரம் வெடித்துவிட்டது என்று நம்பி நான் பெஞ்சுக்கு அடியில் புகுகிறேன். என் தொப்பைகூட ஒத்துழைக்கிறது.

பபேடான் பேட்டையின் சினிமாக் கொட்டகையில் ஒரு பழைய மேடை நாடகத்தை அப்படியே ஊமைப்படமாகப் பிடித்து ஓட்டுகிறார்கள். திரையில் ராஜா செத்து விழுந்ததும் துறைமுகத் தமிழர்கள் எழுந்து கத்துகிறார்கள். பக்கத்து மூட்டைக்காரரின் காலைப் பிடிக்கிறேன்.

"அண்ணே, எதுக்கு இந்த அடிதடி?"

"அடிதடியா? ஒன்ஸ்மோர் கேக்குறோம் ஐயா. மேடையில கேட்டா எந்த ராஜாவும் எந்திரிச்சு மறுபடி சாவான். இவன் கெடக்குற கெடையப் பாருங்க, மரியாத தெரியாத பய."

"படத்துல இருக்கவன் எப்படி எந்திரிப்பான்? அஞ்சு மணிக்கு எனக்குக் கப்பல். வழி விடச் சொல்லுங்க."

"அவன் எந்திரிக்காம ஒருத்தரும் நகர மாட்டோம். நீங்க அடியிலயே சௌகரியமா இருங்க."

படம் ஓட்டுகிறவர் சுருளைத் திருப்பிச் சுற்றுகிறார். ராஜா மூன்று முறை சாகிறார். கப்பல் நானில்லாமல் போய்விட்டது.