பிளாப்பியில் ஓர் ஊசித் துளை

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான். பழைய கம்ப்யூட்டர் பிளாப்பிகளில் இருப்பதை அழியாமல் எடுத்து வைப்பதுதான் அவனுக்குப் பொழுதுபோக்காம். எப்படியோ என் நம்பரைப் பிடித்து, "நீங்க கடை வச்சிருந்தப்போ ஓட்டின அந்த ஜாதக பிளாப்பி இருக்கா சார்?" என்றான். பரணிலிருந்து அதைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கித் திறந்தேன். அப்பப்பா, அந்தப் பூஞ்சை வாசனை! சாரல் காலத்தில் குற்றாலத்தில் எதைத் தொட்டாலும் அடிக்கிற வாசனை அது. தலையணையில் அடிக்கும், தீப்பெட்டியில் அடிக்கும், போட்டிருக்கிற பனியனில்கூட அடிக்கும். எனக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. அருவிக்குப் போகிற வழியில் தகரக் கொட்டகை போட்டு, 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டி, நானும் சுப்பையாவும் உட்கார்ந்திருந்தோம். அவன் தென்காசியில் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன். நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ். இந்த இரண்டு தகுதிகளை வைத்துக்கொண்டு ஊரார் தலையெழுத்தை அச்சடித்துக் கொடுத்தோம், என்ன தைரியம் பாருங்கள்! மிஷின், கடையநல்லூர்க்காரர் ஒருவர் துபாயிலிருந்து மகனுக்காகக் கொண்டுவந்தது. டிவியோடு இணைக்கிற சின்னக் கம்ப்யூட்டர். மகன் சீண்டவே இல்லை, எங்களிடம் வந்துவிட்டது. பிரிண்டர் கிர்ரென்று ஓட ஆரம்பித்தால், எண்ணெய்த் தலையும் ஈரத்துண்டுமாகக் கூட்டம் கூடிவிடும்.

புரோகிராம் இருந்த பிளாப்பி மெட்ராஸில் வாங்கியது. ஒன்றே ஒன்று. நகல் எடுத்தால் எல்லாம் வரும், ஆனால் ஓடாது. 'ஒரிஜினல் டிஸ்கைப் போடு' என்று இங்கிலீஷில் ஒற்றை வரி காட்டிவிட்டு நின்றுவிடும். ஒரிஜினலை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்து சுப்பையாதான் கண்டுபிடித்தான். உள்ளே இருக்கிற தட்டில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துளை. வேண்டுமென்றே போட்டது. அதுதான் பூட்டு. துளை இருந்தால்தான் புரோகிராம் நம்பும்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள், இலத்தூர்ப் பெண்வீடும் கோவில்பட்டி மாப்பிள்ளைவீடும் குளித்துவிட்டுச் சேர்ந்தே வந்தார்கள். ஆடி பிறக்குமுன் பூ வைத்து நிச்சயம் செய்துவிட வேண்டும், பேச்செல்லாம் முடிந்திருந்தது. பொருத்தம் மட்டும் கம்ப்யூட்டரில் பார்க்கணும் என்றவர் மாப்பிள்ளையின் அப்பா, போலீஸில் ஏட்டாக இருந்தவர். பெண் பெயர் கோமதி. ஈரக்கூந்தலின் நுனியை முடிந்துகொண்டு, டிவிக்கு இரண்டடி தள்ளி நின்றாள். நான் அவளுடைய அப்பாவிடம் விவரம் கேட்டேன். பிறந்த நேரம் அஞ்சே முக்கால் என்றார். காலை என்று அடித்தேன்.

பத்துப் பொருத்தத்தில் மூன்றுதான் வந்தது. ரஜ்ஜு இல்லை. மாப்பிள்ளை ஆயுசுக்கு ஆகாது என்று அர்த்தம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகமே செத்துவிட்டது.

தாளை வாங்கிப் பார்த்த பெண்ணின் அப்பா பதறிப்போனார். "தம்பி, காலைன்னுலா போட்டிருக்கு! என் மக சாயங்காலம்லா பொறந்தா!"

"அஞ்சு நிமிஷம் அண்ணாச்சி, திருத்திப் போட்டுருதேன்."

ஒவ்வொரு ஜாதகத்துக்கும் மிஷின் பிளாப்பியை மறுபடி படிக்க வேண்டும். கர் கர்ரென்று இழுத்தது, நின்றது. எர்ரர். உருவிப் பார்த்தால் தட்டெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. அடப்பாவி, இன்றைக்கா!

"தப்பு என்னோடதுதான் ஏட்டையா" என்று கும்பிட்டேன்.

"நீங்க சொல்லுதத நான் எப்படி நம்ப? மிஷின்தானே பொய் சொல்லாது? மூணு மணிக்கு எங்களுக்கு பஸ். அதுக்குள்ள மிஷின்ல திருத்தி வந்தா பூ வைப்போம்."

'மனிதன் தவறுவான், கம்ப்யூட்டர் தவறாது' என்று போர்டில் எழுதி வைத்ததே நாங்கள்தான்.

நகல்கள் மூன்று இருந்தன. கணக்கு முழுசும் அவற்றுக்குள் பத்திரமாக இருந்தது, பூட்டுதான் திறக்கவில்லை. பாசிமணிக் கடையில் ஊசி வாங்கி வந்தேன். ஆமாம், துளையையும் நகல் எடுக்கப் போனேன்! ஒரிஜினலைப் பக்கத்தில் வைத்து, அதே இடம் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினேன்.

"ஏல, காது குத்துத மாதிரி குத்தாதல! மெதுவா!" என்று சுப்பையா கத்தினான்.

அதே ஒற்றை வரி. இரண்டாவதிலும் அதே வரி. பெண்ணின் அப்பா கொட்டகைக்குள் எட்டி எட்டிப் பார்த்து, "ஆச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவதில் ஊசி இழுத்து, தட்டு கிழிந்தே போனது. அவர் போய்க் கோமதியின் பக்கத்தில் நின்றுகொண்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கீபோர்டின் மேல் தலையை வைத்து அழுதேன். மூணு மணி பஸ்ஸில் அவர்கள் போய்விட்டார்கள். மறுநாள் நான் கொட்டகையைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு கோமதிக்கு வந்த வரன்களெல்லாம் 'கம்ப்யூட்டரே ஆகாதுன்னு சொல்லிட்டாம்லா' என்று திரும்பிப் போனதாகக் கேள்விப்பட்டேன். கல்யாணமே ஆகவில்லை.

பிளாப்பியைப் பெங்களூருக்கு அனுப்பினேன். "பூஞ்சையைக் கழுவிட்டு, ஓட்டையோட சேர்த்தே எடுத்துட்டேன் சார், இனிமே எதுல வேணாலும் ஓடும்" என்றான் பையன். அவனுக்கு ஒரே சந்தோஷம். என் லேப்டாப்பில், அன்றைக்கு டிவியில் வந்த அதே எழுத்து வந்தது. டப்பாவில் பிளாப்பியோடு போட்டு வைத்திருந்த அன்றைய தாளைப் பார்த்து எல்லாவற்றையும் அடித்து, மாலை என்று போட்டேன். பத்தில் எட்டு. ரஜ்ஜு உண்டு.

அச்செடுத்துக்கொண்டு இலத்தூருக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள், போகாமல் இருக்க முடியவில்லை. கொட்டகை இருந்த இடம் இப்போது நடைபாதை. சுப்பையா இல்லை. ஏட்டையாவும் இல்லையாம். கோமதியின் அப்பா வாசல் சுவரில் படமாக இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்த கோமதி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை நிதானமாகப் படித்தாள். "இந்தத் தடவ மாலைன்னு சரியா அடிச்சேன்" என்றேன்.

"நானும் அன்னைக்கு அங்கனதானே நின்னேன்" என்றாள் கோமதி. "சாயங்காலம்னு எனக்குத் தெரியும்லா. காலைன்னு அடிக்கதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."