மொய்க் கவரில் சிறுவாடு

தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது, என் நாவலை யாரும் பிரித்துப் பார்த்திருக்கக் கூடாது என்று முண்டகக்கண்ணியம்மனை வேண்டிக்கொண்டேன். எழுதுகிறவள் வேண்டுகிற வேண்டுதலா இது? ஆனால் அந்த ஒரு பிரதிக்குள் பதினெட்டாயிரம் ரூபாய் இருந்தது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட மறுநாள்தான் கடைசி நாள்.

அது என் சிறுவாட்டுப் பணம். கணவருக்குத் தெரியாமல் இரண்டு வருஷமாகச் சேர்த்தது. முன்பின் தெரியாதவர்களின் மணிவிழா மலருக்கெல்லாம் "அன்னாரின் அருங்குணங்கள்" எழுதிக் கொடுத்தேன். பக்கக் கணக்கில் பிழை திருத்திக் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். பெண்களுக்குக் காசில்லாத ஒயிட் போர்டு பஸ் வரும்வரை, எவ்வளவு வெயிலானாலும் நின்றேன். வங்கியில் போட்டால் ஐந்தாம் தேதி கடன் தவணை மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போய்விடும். மயிலாப்பூர் சந்துக்குள் ஒற்றை அறையும் சமையலறையுமான வீட்டில் ஒளித்து வைக்க இடம் ஏது? யாரும் தொடாதது ஒன்றே ஒன்றுதான். ராயல்டிக்குப் பதிலாகப் பதிப்பாளர் என் தலையில் கட்டிய நாற்பது பிரதிகள், கட்டிலுக்கு அடியில் ஒரே கட்டாகக் கிடந்தன.

பணத்தை ஒரு மொய்க் கவரில் போட்டு, கட்டின் நடுவிலிருந்த பிரதிக்குள் வைத்திருந்தேன். ஏதோ கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சிய கவர். அதன்மேல் ஒட்டியிருந்த ஒரு ரூபாயைக்கூட, ஜெராக்ஸ் கடையில் சில்லறை குறைந்த ஒரு நாளில் பிய்த்துக் கொடுத்துவிட்டேன். அவ்வளவு லட்சணம் என் பிழைப்பு.

என் கணவருக்குத் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய மேனேஜர் அசோக் நகரில் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். எனக்குத் திருத்த வேண்டிய புரூஃப் குவிந்திருந்ததால் அவர் மட்டும் போய்வந்தார். திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தவருக்கு முகமெல்லாம் பல்.

"இன்னாமே, மேனேஜர் என் தோள்மேல கை போட்டுக்கினு பேசறாரு! டீ வேற வாங்கிக் குடுத்தாரு. எல்லாம் உன் புக்காலதான்."

"என் புக்கா?"

"கிஃப்ட் வாங்க ஐநூறு ரூபாய்க்கு எங்க போறது? உன் புக்குல ஒண்ண எடுத்து, கலர் பேப்பர் சுத்திக் குடுத்துட்டேன். சும்மாதானே கெடக்குது!"

சும்மா கிடக்கிறது என்று அவர் சொன்னதுகூட எனக்கு உறைக்கவில்லை. என் புத்தகத்துக்காக ஒரு மனிதர் இன்னொருவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்! இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலே இருப்பதைத்தானே யாரும் எடுப்பார்கள் என்ற தைரியத்தில் கட்டைத் தொட்டும் பார்க்கவில்லை, மடச்சி.

புதன்கிழமை பணத்தை எடுக்கக் கட்டைப் பிரித்தேன். முப்பத்தொன்பது பிரதிகளையும் ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். தூசிதான் விழுந்தது. கணவருக்குப் போன் போட்டு, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"மேல இருந்ததெல்லாம் பூச்சி அரிச்சிக் கீதுமே. நடுவுலருந்து பளிச்சுனு ஒண்ண உருவினேன். ஏன், இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க" என்று வைத்துவிட்டேன். மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நாளைக்குக் கடைசி நாள். காசு இருக்குல்ல?"

"இருக்குடி, இருக்கு! எத்தனை தடவை கேப்ப?" என்று எரிந்து விழுந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் இரண்டு டீலக்ஸ் பஸ்கள் வந்தும் ஏறவில்லை. பதினெட்டாயிரம் போகிறது, அப்போதும் டிக்கெட் காசை மிச்சம் பிடிக்கிறது என் கால். ஒயிட் போர்டுக்காகவே காத்திருந்து போனேன்.

புது வீட்டில் பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. மேனேஜரின் மனைவி மட்டும்தான் இருந்தார். யாரென்று சொன்னதும் "வாங்க வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்த பொய்யை எடுத்துவிட்டேன்.

"கையெழுத்துப் போடாமலே குடுத்துட்டாரு மேடம். புத்தகத்தைக் கொஞ்சம் குடுங்க, போட்டுத் தரேன்."

"அது இருக்கட்டும், முதல்ல உக்காருங்க. மொய்னு இவ்வளவு பணமாங்க வெப்பீங்க? எங்க சொந்தக்காரங்களே வெக்கலையே! உங்க வீட்டுக்காரர் சம்பளம் எங்களுக்குத் தெரியாதா? ரெண்டு நாளா இவர் அதையே சொல்லிச் சொல்லி உருகிட்டிருக்கார். கவர்ல ஒரு ரூபா மட்டும் விழுந்துடுச்சு போல. மொட்டையா இருக்க வேணாம்னு நானே ஒண்ணு சேர்த்து வெச்சேன்."

அட கடவுளே. தோளில் விழுந்த கை, வாங்கிக் கொடுத்த டீ, எல்லாம் மொய்க்குத்தானா! எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

வைத்த மொய்யை யாராவது திருப்பிக் கேட்பார்களா? கேட்டால் என் கணவர் நாளைக்கு எந்த முகத்தோடு அந்தக் கடைக்குள் நுழைவார்? பேசாமல் எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். வாசலில் நின்ற மகளின் முகம் விடவில்லை.

"மேடம், அது மொய் இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். சிறுவாடு, கட்டில், நடுவிலிருந்த பிரதி, நாளைய கட்டணம், எல்லாவற்றையும் மூக்கைச் சிந்திக்கொண்டே கொட்டித் தீர்த்தேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. கவரைக் கொண்டுவந்து டீப்பாயில் வைத்தார். அவர் சேர்த்த ஒரு ரூபாயும் அதன்மேல் இருந்தது. மறுபடியும் உள்ளே போய் என் நாவலையும் எடுத்து வந்தார்.

"இதையும் எடுத்துட்டுப் போங்க."

"ஐயோ, இது உங்களுக்குக் குடுத்தது மேடம்..."

"வேணாங்க. இன்னொரு நாள் இதுல வேற ஏதோ வெச்சிருந்தேன்னு வந்து நிப்பீங்க."

அவர் வாசல்வரை வரவில்லை. நான் ஓடாத குறையாகத் தெருவுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் கட்டணத்தைக் கட்டிவிட்டோம். விஷயம் தெரிந்த என் கணவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவர் தோளில் பிறகு யாரும் கை போடவில்லை. அவர் கோபத்தில் நியாயம் உண்டு. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது, அன்று திரும்பி வருகிற பஸ்ஸிலேயே நடந்துவிட்டது.

பழக்க தோஷத்தில் கவரைப் புத்தகத்துக்குள்ளேயே வைக்கலாம் என்று பிரித்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் மூலை மடிக்கப்பட்டிருந்தது. புத்தகத்தின் காதை மடித்தால் மகளைத் திட்டுகிறவள் நான். என் கணவர் அட்டையைத் தாண்டியதே இல்லை. பதறிப்போய் முன்னால் புரட்டினேன். முப்பதில் ஒரு மூலையை மடித்து நீவிவிட்ட தடம். எழுபத்தாறில் இன்னொன்று. மேனேஜரின் மனைவி மூன்று நாளில் மூன்று தடவை உட்கார்ந்து படித்திருக்கிறார்.

அந்த நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் என் கதையில் வருகிற பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். எங்கே போய்ச் சேர்ந்தாள் என்பது அடுத்த அத்தியாயத்தில் வருகிறது.

பத்து வருஷமாக எழுதுகிறேன். அடுத்து என்ன என்று யாரோ ஒருத்தர் காத்துக்கொண்டு படித்ததற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்த மடிப்பு. பாதியில் பிடுங்கிக்கொண்டு வந்தவளும் நானே. இறங்கி ஓடிப்போய்க் கொடுத்துவிட வேண்டும் என்று எழுந்து படிக்கட்டுவரை போய்விட்டேன். பஸ் ஸ்டாப்பும் வந்துவிட்டது. "இன்னொரு நாள் வந்து நிப்பீங்க" என்ற அவர் குரல் காதில் விழ, கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"இன்னாமா, எறங்கறியா இல்லியா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க" என்றேன்.