அப்பா உள்ளே இருக்க, காரைத் தூக்கினார்கள்

போன வருடம் ஆவணி மாதம், அப்பாவின் கிளினிக் நாளன்று காலையில், நிலாவெளிப் பக்கத்திலிருந்து திருகோணமலை நகரத்துக்குப் போகும் வீதியில், சல்லிக் கிராமத்துக்குப் பிரியும் இடத்துக்குக் கிட்ட இது நடந்தது. நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. வெட்கத்தில் இல்லை, கோபத்தில்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்தாயிற்று; ஊன்றுகோலில்தான் நடப்பார். காரில் ஏற்றுவதும் இறக்குவதும் ஒரு தனி வேலை. அதை நான்தான் செய்வேன்; காரையும் நான்தான் ஓட்டுவேன். கார் ஜப்பானில் யாரோ ஓடிக் களைத்து அனுப்பியது. அதோடு வந்த புத்தகமும் ஜப்பான் மொழி. எழுத்து ஒன்றும் விளங்காது, ஆனால் படங்கள் விளங்கும். டயர் மாற்றுகிற பக்கத்தில், காருக்குள் ஒரு மனிதர் இருக்கிற மாதிரிப் படம் போட்டு, அதன்மேல் பெரிதாகக் குறுக்கே கீறியிருந்தார்கள். காரைத் தூக்குகிற ஜக் வைக்கிற இடம் சில்லுக்குக் கிட்ட, காரின் அடி விளிம்பில் உள்ள இரண்டு வெட்டுக்கு நடுவில். அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, வீட்டு முற்றத்தில் நானாகவே இரண்டு மூன்று தரம் டயரைக் கழற்றிப் பூட்டிப் பழகியிருக்கிறேன்.

அன்றைக்கு முன் இடது டயர் காற்றுப் போய்விட்டது. காரைத் தார் வீதியின் ஓரத்திலேயே மட்டமான இடமாகப் பார்த்து நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். பின் சில்லுக்குக் கல் கொடுத்தேன். அப்பாவை இறக்கி இருத்த ஓர் இடம் தேடித் திரும்புகிறேன், நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். கடற்கரையில் கரைவலை இழுத்துவிட்டு வருகிற மீன்பிடி ஆட்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வீதியில் ஒரு வாகனம் நின்றால் யாரும் பார்த்துக்கொண்டு போகமாட்டார்கள். அந்தக் குணத்தைப் பற்றி நான் எத்தனையோ பேரிடம் பெருமையாகக் கதைத்திருக்கிறேன்.

அவர்களில் மூத்தவர், சாரத்தை மடித்துக் கட்டியவர், என் கையில் இருந்த ஸ்பேனரை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"தங்கச்சி, நீங்கள் அங்கால நிழலில நில்லுங்கோ. நாங்கள் பாக்கிறம்."

நான் அப்பாவை இறக்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடிக்குள்ளே எட்டிப் பார்த்தார். மடித்துக் குத்தியிருந்த வேட்டியின் ஒரு பக்கத்தைக் கண்டதும் அவருக்கு முகமே மாறிவிட்டது.

"வேண்டாம், வேண்டாம். ஐயாவை ஏன் கரைச்சல் படுத்துவான்? அவர் அப்பிடியே இருக்கட்டும்."

ஐயாவுக்கு வெயில் படுகிறது என்று இன்னொருவர் சொன்னார். அவ்வளவுதான். கல்லைத் தட்டிவிட்டார்கள், பிரேக்கை எடுத்தார்கள், அப்பாவோடு சேர்த்துக் காரைத் தள்ளிக்கொண்டுபோய் வேப்பமரத்தின் கீழே மணலில் விட்டார்கள். நான் பின்னால் ஓடிப்போய்த் திரும்பவும் பிரேக்கைப் போட்டேன். மணலில் ஜக் நில்லாது, கீழே ஒரு பலகையாவது வேண்டும் என்றேன். ஜக்கை எடுத்துக் கதவுக்குக் கீழே நடுவில் வைத்தார்கள். அது இடமில்லை, சில்லுக்குக் கிட்ட வெட்டு இருக்கிறது என்று குனிந்து கையால் தொட்டுக் காட்டினேன்.

"தங்கச்சி கராஜ் வச்சிருக்கிறாவோ?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, செல்லமான சிரிப்பு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவர்கள் கணக்கு எனக்கு விளங்காமல் இல்லை. பிறந்ததிலிருந்து தோணியை மணலில் ஏற்றி இறக்குகிற கைகள். தோணிக்கு அடியில் எந்த இடத்தில் முண்டு கொடுத்தாலும் அது தாங்கும். மணல் அதற்குப் படுக்கை மாதிரி. உள்ளே ஒருவர் இருந்தாலும் ஏலேலோ போட்டுத் தள்ளிவிடுவார்கள். காரும் அவர்களுக்கு ஒரு சின்னத் தோணி.

"முப்பதடித் தோணியைக் கரையேத்துற ஆக்கள் நாங்கள்," என்று மூத்தவர் சொன்னார். "இந்தத் தீப்பெட்டிக்கு ஒண்டும் நடக்காது."

ஆட்கள் கதைக்கிற கதையைக் கேட்டுச் சேர்த்து வைப்பது என் பழக்கம். பஸ்ஸில், சந்தையில், பிரேத வீட்டில் என்று எங்கே ஒரு நல்ல பேச்சுக் காதில் விழுந்தாலும் விடமாட்டேன். ஆனால் இந்த "ஒண்டும் நடக்காது" மட்டும் எனக்குப் பிடிக்காது. சொல்லுகிறவருக்கு ஒன்றும் நடக்காது, அது உண்மைதான்.

நான் முன் கதவைத் திறந்து, "அப்பா, இறங்குங்கோ, நான் பிடிக்கிறன்," என்றேன். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. வெளியே நிற்கிறவர்களைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஆம்பிளையள் செய்யினம். நீ சும்மா இரு பிள்ளை," என்றார்.

அந்த ஆட்கள் சொன்னதெல்லாம் ஒரு பக்கம். இது வேறு பக்கம். மூன்று வருடமாக இவரைத் தூக்கி ஏற்றி இறக்குவது யார்? ஒரு தரமாவது நான் விழுத்தியிருக்கிறேனா? கதவைச் சாத்தினேன். சாத்தியிருக்கக் கூடாது.

கார் எழும்பியது. கழற்றுகிற நட்டுகளைச் சில்லு நிலத்தில் இருக்கும்போதே இளக்க வேண்டும். அவர்கள் தூக்கிய பிறகு இளக்கினார்கள். ஒவ்வோர் உதைக்கும் கார் ஆடியது. ஜக்கின் அடி மணலுக்குள் சரிந்து போவது என் கண்ணுக்குத் தெரிந்தது. சொன்னேன். "ஓம், ஓம்," என்றார்கள். சில்லைக் கழற்றி அப்பால் உருட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து, தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒருவர் அப்பாவுக்கு என்று பிளேன்டீ வாங்கிக்கொண்டு வந்தார். மனிதர் நல்ல மனத்தோடு செய்தது. நான் ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடியால் நீட்டினார். அப்பா அதை வாங்க உடம்பைச் சாய்த்தார்.

முதலில் தகரம் நசிகிற சத்தம். பிறகு ஜக் படுத்தது. சில்லில்லாத மூலை மணலில் குத்த, கார் முழுவதும் ஒரு பக்கம் விழுந்தது. அப்பாவின் தலை கதவில் அடித்தது. கொதிக்கக் கொதிக்கத் தேநீர் அவர் மடியில். நட்டுப் பொறுக்கக் குனிந்திருந்தவர் கையை இழுத்துக்கொண்டது அவருடைய அதிர்ஷ்டம்.

  பிறகு மூத்தவர் குனிந்து, நசிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கார் பழசு, தங்கச்சி. தகரம் உக்கிப் போச்சு," என்றார்.

நான் அதுவரை சத்தம் போட்டுப் பழகாதவள். அன்றைக்குப் போட்டேன். என்ன சொன்னேன் என்பது முழுவதும் ஞாபகமில்லை. கடைசியில் சொன்னது ஞாபகமிருக்கிறது.

"கார் பழசெண்டதால இல்லை. நான் கதைச்சது ஒருத்தருக்கும் கேக்கேல்லை. இனி நான் சொல்லுற வரைக்கும் ஒருத்தரும் இதில கை வைக்க ஏலாது."

ஒருவரும் கை வைக்கவில்லை. அப்பாவை இறக்கினேன். மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்கள், அதில் இருத்தினேன். நெற்றியில் புடைப்பு, தொடை சிவந்து போயிருந்தது; தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு பலகை கேட்டேன், கொண்டு வந்தார்கள். எல்லோருமாகக் காரைக் கையால் தூக்கச் சொன்னேன். அதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே மூச்சில் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். முன்னே கழற்றி உருட்டிய சில்லைக் காருக்குக் கீழே படுக்க வைத்தேன், திரும்ப விழுந்தாலும் அதன்மேல் விழட்டும் என்று. பலகையை வைத்து, ஜக்கை அதற்குரிய வெட்டில் வைத்து, பின்னால் இருந்த மற்ற டயரை நானே பூட்டினேன். அப்பாவைத் திரும்பவும் ஏற்றினேன். போகும்போது மூத்தவர் கண்ணாடிக்குக் கிட்ட வந்து, அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். என் பக்கம் திரும்பவில்லை.

 கிளினிக்கில் புடைப்பைப் பார்த்த தாதி என்ன நடந்தது என்று கேட்டாள். "மகள் இறங்கச் சொன்னவ, நான் இறங்கேல்லை," என்றார் அப்பா. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

நசிந்த தகரத்தை நான் இன்னும் நிமிர்த்தவில்லை. பார்க்கிறவர்கள் எங்கே இடித்தாய் என்று கேட்கிறார்கள். பெண் பிள்ளை ஓட்டினால் இப்படித்தான் என்கிற சிரிப்போடு. முதலில் விளக்கம் சொன்னேன், இப்போது சொல்வதில்லை. போன மாதம் உப்புவெளியில் திரும்பவும் ஒரு டயர் போனது. நான் காரை நிறுத்தி, யாரோ இரண்டு பேர் உதவிக்கு வீதியைக் கடக்கிறதற்குள், அப்பாவின் பக்கத்துக் கதவு திறந்து அவருடைய ஊன்றுகோல் வெளியே வந்து தாரில் ஊன்றியது. கோபம் எனக்கு இன்னும் முழுவதாக ஆறவில்லை. ஆனால் அந்த ஊன்றுகோலின் சத்தம், அன்று வேப்பமரத்தடியில் யாருக்கும் கேட்காமல் போன என் பேச்சுக்கு வந்த பதிலாகத்தான் இன்றும் என் காதில் இருக்கிறது.