அம்மா செய்யாத தட்டுகள்

எங்கள் வீட்டில் ஆரத்தித் தட்டு செய்வது அம்மா என்றுதான் ஊருக்குத் தெரியும். அம்மாவுக்கு ஒரு கல்லை நேராக ஒட்ட வராது என்பது எங்கள் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். செய்தது அத்தை, அப்பாவின் தங்கை.

மாமா பைக்கில் போய்க் கரும்பு டிராக்டரில் மோதிச் செத்த பிறகு, அத்தை வடக்கனந்தலில் இருந்த எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போகிறவர்கள். கரும்பு வெட்டு இருந்தால் வெட்டு, இல்லாவிட்டால் களை. அத்தையும் கூடப் போனாள். ஒரு மழைக்காலத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது அம்மாவின் செல்போனில் தட்டு அலங்காரம் செய்கிற வீடியோவைப் பார்த்தாள். ஒருமுறை பார்த்தவள் மறுபடி மறுபடி பார்த்தாள். அடுத்த வாரமே கள்ளக்குறிச்சிக்குப் போய்த் தெர்மாகோலும் சாட்டின் துணியும் வாங்கிவந்தாள்.

இந்தத் தட்டுகளைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். நிச்சயதார்த்தம், கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் பெண்கள் வரிசையாக ஏந்தி வருவார்களே, அவைதான். மற்றவர்கள் கடையில் விற்கிற பிளாஸ்டிக் மயிலை வாங்கி நடுவில் ஒட்டிவிடுவார்கள். அத்தை அப்படிச் செய்ய மாட்டாள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் பெண்களிடம் சந்தையில் சாமை வாங்கி, அதற்கு நீலச் சாயம் ஏற்றிக் காயவைத்து, மயிலின் கழுத்தை அந்தச் சாமையாலேயே நிரப்புவாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் கழுத்து வெயிலில் மின்னும். எங்கள் வீட்டில் எதை எடுத்தாலும் அதில் தெர்மாகோல் தூள் இருக்கும், சோற்றுத் தட்டில்கூட. நான் அந்தத் தூளில் புரண்டு வளர்ந்தவள்.

ஆனால் ஆர்டர் கொடுக்க யாராவது வந்தால் அத்தை பின்பக்கமாகப் போய்விடுவாள். நல்ல காரியத்துக்குப் போகிற தட்டு, தாலியறுத்தவள் கை பட்டது என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? இதை யாரும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. செருப்பை வாசலில் விடுவது மாதிரி, ஆள் வந்தால் அத்தை பின்பக்கம் போவாள் என்று பழகிவிட்டது. அம்மா அவசரமாக விரலில் கொஞ்சம் பசையும் புறங்கையில் இரண்டு முத்தும் ஒட்டிக்கொண்டு வெளியே வந்து நிற்பாள். அந்த வேஷம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒருமுறை ஒரு அம்மாள் தட்டைத் தூக்கிப் பார்க்கையில் பிள்ளையாரின் காதிலிருந்து ஒரு கல் விழுந்துவிட்டது. "தோ, இத மட்டும் ஒட்டிக் குட்த்துடும்மா" என்று நீட்டினாள். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஒரு நிமிஷம் முழித்தவள் சட்டென்று, "ராகு காலங்க. இந்த நேரத்துல நான் கல்லு தொட மாட்டேன். காலையில வந்து எடுத்துகினு போங்க" என்று சொல்லிவிட்டாள். வந்தவள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. அம்மாவின் பக்தியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி நாலு ஆர்டர் பிடித்தும் கொடுத்தாள். அன்றைக்கு அத்தை பின்பக்கத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் அப்படிச் சிரித்து நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பிறகு மேடம் வந்தார்.

மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்தவர் அவர். சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு உதவி வாங்கித் தருகிறவர். எங்கள் வீட்டுக்குள் வந்து தட்டுகளைப் பார்த்தார், அத்தையின் கையைப் பார்த்தார், நொடியில் விஷயத்தைப் புரிந்துகொண்டார். கணவர் இல்லாத பெண்களுக்கு முன்னுரிமை உண்டு, கடனும் கிடைக்கும், கள்ளக்குறிச்சியில் நடக்கப்போகிற விழாவில் பாராட்டும் உண்டு என்றார். இவ்வளவு திறமையை ஒளித்துவைக்கலாமா என்று அம்மாவைக் கொஞ்சம் கடிந்தும் கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இப்போதாவது ஆத்திரம் அடங்கியிருக்கும்.

அவர் போனதும் அம்மா, "வேணாம்மா. நல்லாத்தான போய்க்கினு இருக்குது. இப்டியே இருக்கட்டும்" என்றாள்.

"எத்தினி நாளைக்கு அண்ணி பின்னாடியே நிக்கறது?" என்றாள் அத்தை. "கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு சின்னக் கடை. போர்டுல எம் பேரு. அது போதும் எனக்கு."

அப்பா டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார். அவர் அபிப்பிராயம் சொல்வது எப்போதும் அப்படித்தான்.

விழாவுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். மேடைக்குப் பின்னால் ஒரு பேனர், அதில் அத்தையின் படம். "கணவரை இழந்தும் கலங்காத சாதனைப் பெண்" என்று என் கை நீளத்துக்கு எழுத்து. அத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். போட்டோ எடுப்பவர், "அந்த ஆரத்தித் தட்டக் கையில புடிங்கம்மா, நல்லாத் தெரியணும்" என்றார். அத்தை மயில் தட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெற்று நெற்றியும் நீலக் கழுத்து மயிலும் சேர்ந்து விழுந்த படம் அது. அரங்கமே கை தட்டியது. எல்லோரையும்விட நான்தான் சத்தமாகத் தட்டினேன். எங்கள் அத்தை ஹீரோயின் ஆகிவிட்டாள் என்று நினைத்தேன்.

அந்தப் படம் பேப்பரில் வந்தது, வாட்ஸ்அப்பில் சுற்றியது. கச்சிராயபாளையத்தில் கடையும் திறந்தாகிவிட்டது. போர்டில் அத்தையின் பெயர், பக்கத்தில் ஒரு மயில். அவள் முதல் தடவையாக வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை.

யாருமே வரவில்லை என்று சொல்ல முடியாது. நைனார்பாளையத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார், மகளின் கல்யாணத்துக்கு வாங்கிப் போயிருந்த தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க. கடை வாசலில் வைத்துவிட்டு, கூட நின்ற அம்மாவைப் பார்த்தே பேசினார். அத்தை அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

"கோச்சிக்காதம்மா. உங்களத் தப்பு சொல்லல. நல்ல காரியம் பாரு, எங்க வூட்ல ஒத்துக்க மாட்டேன்றாங்க. குட்த்த அட்வான்ஸ நீங்களே வச்சிக்குங்க."

அம்மாவுக்கு வந்ததே கோபம். "அந்த மயிலப் பாத்து வாயப் பொளந்துகினு நின்னியே, அப்ப இன்னா தெரிஞ்சுது? இப்ப மட்டும் இன்னா வந்துச்சு?" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். அந்தப் பெண்மணி பஸ் ஏறிவிட்டார். பணத்தைக்கூடக் கேட்காமல் அவ்வளவு மரியாதையாக ஒருத்தர் நடந்துகொண்டால் திருப்பி அடிக்க என்ன இருக்கிறது? அத்தை எழுந்து, தட்டுகளின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்து உள்ளே வைத்தாள். அன்று அம்மா என் கண்ணுக்குப் பெரிய வீராங்கனையாகத் தெரிந்தாள். அதனால்தான் பின்னால் நடந்தது இன்னும் கசக்கிறது.

மேடத்துக்குப் போன் செய்தார்கள். அவர் மிகவும் வருத்தப்பட்டார். மக்கள் இன்னும் இப்படி இருக்கிறார்களே என்று நொந்துகொண்டார். பிறகு, நல்ல காரியத்துக்கு இல்லாத பொருள்களாகச் செய்யலாமே, பேனா ஸ்டாண்டு, சுவரில் மாட்டுகிற அலங்காரம் என்று யோசனை சொன்னார். எங்கள் ஊர்ச் சுவர்களில் காலண்டரைத் தவிர வேறு எதையும் மாட்டி நான் பார்த்ததில்லை. புருஷன் செத்தவள் என்பதற்காக உதவி கிடைத்தது. புருஷன் செத்தவள் என்பதற்காகவே தொழில் போனது. அந்த ஒன்றை ஊருக்கே தெரியும்படி பேனரில் போட்டுச் சொன்னது உதவி செய்ய வந்தவர்கள். கைதட்டிய கூட்டத்தில் பாதிப்பேர் எங்களிடம் தட்டு வாங்கியவர்கள்.

கடையை மூடிவிட்டு அத்தை மறுபடி கரும்பு வெட்டப் போனாள். மிச்சமிருந்த முத்தும் ரிப்பனும் சாயமேற்றிய சாமையும் பரண்மேல் ஏறின.

அடுத்த வருஷம் நான் வயதுக்கு வந்தேன். வாசல் ஓரத்தில் பச்சை ஓலையில் குடிசை கட்டி என்னை உட்காரவைத்தார்கள். மஞ்சள் நீராட்டைப் பெரிதாகச் செய்வதாகத் தாய்மாமன் சொல்லிவிட்டார். எனக்கு இருந்த ஒரே ஆசை, தட்டு எப்படி இருக்கும் என்பதுதான். அம்மாவும் அத்தையும் அதைப் பற்றிப் பேசியது ஓலைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"தட்டு…" என்று அம்மா இழுத்தாள்.

"கள்ளக்குறிச்சியில நானே பாத்து வாங்கியாறேன் அண்ணி" என்றாள் அத்தை. "நீ போனா பாத்து வாங்கத் தெரியாது. ஏமாத்திடுவான்."

நைனார்பாளையத்துப் பெண்மணியிடம் அவ்வளவு சத்தம் போட்ட அம்மா, ஏன் வாங்கணும், நீயே செய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சரிம்மா" என்றாள். அப்பா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் அத்தை ஷேர் ஆட்டோவில் வந்து தெருமுனையில் இறங்குவதை ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். கையில் பெரிய அட்டைப்பெட்டி, மேலே கண்ணாடித்தாள் வழியாக மினுக் மினுக்கென்று தெரிந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அத்தை வரவில்லை. கரண்டுக் கம்பத்தடியிலேயே பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு போய்ப் பெட்டியை வாங்கினாள். அம்மா முன்னால் நடந்து வந்து தட்டுகளை வீட்டுக்குள் கொண்டுபோனாள். கொஞ்சம் இடைவெளி விட்டு, வெறுங்கையோடு அத்தை வந்தாள். அப்படிச் செய்யச் சொல்லி அவளிடம் யாரும் சொன்னதில்லை.

"ஏன் அத்த, நீயே எடுத்துகினு வரக் கூடாதா?" என்று குடிசைக்குள்ளிருந்து கேட்டேன்.

அத்தை ஓலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். "கை வலி கண்ணு. கனம் ஜாஸ்தி" என்றாள்.

தெர்மாகோல் தட்டின் கனம் எனக்குத் தெரியாதா? விசிறிக் காற்றுக்கே பறக்கும். அப்படியும் நம்பினேன். பாவம், அவ்வளவு தூரம் தூக்கி வந்தால் வலிக்காதா என்று அம்மாவைக் கூப்பிட்டு அத்தைக்குத் தைலம் தேய்த்துவிடச் சொன்னேன்.

அம்மா தைலத்தை எடுத்துவந்தாள். அத்தையின் கையை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். அத்தையும் வலிக்கிறவள் மாதிரியே கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தைலம் காட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.