கரியும் முழுப் பேரும்

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை கரியோடுதான். தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து கண்ணுக்கே தெரியாத துணுக்குகளைப் பிரித்தெடுத்து ஒரு மின்முனையில் பூசுவேன். கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் அதன் மேலுள்ள திரவம் நீலமாக ஒளிரும். கரி இல்லாவிட்டால் மினுக்கென்று அடங்கிவிடும். இருந்தால் பளிச்சென்று தெரியும். கரி, தான் செலவாகாமல் காரியத்தை வேகப்படுத்தும், அவ்வளவுதான். மாரடைப்பில் இதயம் அடிபட்டால் இரத்தத்தில் கசிகிற ஒரு புரதம் அதில் ஒட்டினால் வெளிச்சம் குறைந்துவிடும். இதையெல்லாம் கேட்ட அப்பா, "எப்படியோ, நம்ம மொகத்துல கரியப் பூசாம இருந்தாச் சரி" என்று சிரித்தார்.

அப்பா கேகாலைப் பக்கத் தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒரு காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"நெஞ்ச அமுக்குதும்மா. வாய்வுதான். சோடா குடிச்சிருக்கேன்."

"வாய்வும் இல்ல, மண்ணும் இல்ல! இப்பவே த்ரீவீலப் புடிச்சு கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கப்பா."

"பால நிறுத்துக் குடுத்துட்டுப் போறேன். இல்லாட்டி அரைப் பேருதான் போடுவாங்க."

எங்கள் தோட்டங்களில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. பாலைக் கொடுக்காமல் போனால் அது பாதியாகிவிடும். ஆளுக்கு நெஞ்சு வலிக்கலாம், பேருக்கு ஒன்றும் ஆகக் கூடாது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பால் நிறுக்கும் வரிசையிலேயே விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை.

சாவு வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. "அழுதுரு புள்ள, உள்ளுக்குள்ள வச்சுக்காத" என்று சித்தி உலுக்கினாள். வந்தால்தானே! பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. தோட்டத்தில் பேர் போடுகிற கணக்கப்பிள்ளை வந்து, அப்பாவுக்கு அன்றைக்கு முழுப் பேர் போட்டுவிட்டதாகச் சொன்னார். அம்மா அவரைக் கும்பிட்டாள். நான் அவருக்குப் பிளேன்டீ கொடுத்தேன்.

காரியம் முடிந்து ஆய்வுகூடத்துக்குத் திரும்பினேன். ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளின் இரத்த மாதிரிகள் வந்திருந்தன. ஒன்றை எடுத்து மின்முனையில் ஒரு துளி விட்டு, வெளிச்சத்தை அளக்கும் கறுப்புப் பெட்டியை மூடினேன். திரையில் கோடு சரசரவென்று இறங்கியது.

"ஹரி நங்கி, ஹரி! சரியா வந்திருச்சு தங்கச்சி, வேலை செய்யுது!" என்று கூட வேலை பார்க்கும் சிங்கள அக்கா கை தட்டினாள்.

"இந்த ஆள் இப்ப உயிரோட இருக்காரா?" என்று கேட்டேன்.

அவள் இரத்த மாதிரி இருந்த குழாயைத் திருப்பிப் பார்த்தாள். அதில் பேர் இல்லை, இலக்கம் மட்டும்தான் இருந்தது.