பரமேஸ்வரியின் கை நோவு

மனைவி காலமானபிறகு நான் படுக்கையை விட்டு எழும்பியதே சாப்பிடத்தான். பென்சன்காரனுக்கு வேறென்ன வேலை?

சண்டையால் கரண்ட் இல்லை, யாழ்ப்பாணத்துக்குள் பற்றரியும் வரவிடாத காலம். அரியாலையில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதுக்கும் பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரியின் ரேடியோதான் செய்தி சொல்லும். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் ரேடியோ வேலை செய்யும்.

ஒருநாள் வேலிக்கு அங்கால் நின்று கூப்பிட்டாள்.

"அண்ணை, எனக்குக் கை நோகுது. வந்து சுத்துங்கோ."

"என்னாலை ஏலாது பிள்ளை."

"படுத்துக் கிடக்க மட்டும் ஏலுதோ?"

கோபத்தோடுதான் போனேன். நான் களைக்கக் களைக்கச் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்தது. "சுத்துங்கோ!" என்று செய்தி கேட்க வந்திருந்த சனம் கத்தியது. பிறகு தினமும் போனேன். செய்தி முடிந்ததும் அதைப் பற்றிக் கதைத்துச் சண்டையும் பிடித்தேன்.

ஒரு பின்னேரம் அலுப்பில் பிந்திப் போனேன். ரேடியோ கணீரென்று கேட்டது. பரமேஸ்வரிதான் சுற்றிக்கொண்டிருந்தாள், நோவே இல்லாத வேகத்தில். என்னைக் கண்டதும் கையை எடுத்தாள். ரேடியோ நின்றது.

"எங்கை போனியள்? என்ரை கை ஓய்ஞ்சுபோச்சு" என்று தன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சைக்கிளடிக்குப் போனேன். குந்தியிருந்து சுற்றத் தொடங்கினேன்.

இன்றும் விடிய எழும்ப உடம்பு மறுக்கிறது. அப்போதெல்லாம் அவள் கையை எடுத்ததும் வந்த அந்த அமைதி காதில் கேட்கும். அலுத்துக்கொண்டே எழும்புகிறேன்.