அக்காவின் தெரிவு

விட்பியில் அக்கா வீட்டுக் கூரையோரம் தொங்கிய பனிக்கட்டிகளை அத்தான் ஒரு தடியால் தட்டிக்கொண்டிருந்தார். காரை விட்டு இறங்கிக் கிட்டப் போன பிறகுதான் அது என்ன தடி என்று கண்டேன். அடிப்பக்கம் அகன்று தட்டையாக, பிடியில் நீலப் பட்டி சுற்றிய அக்காவின் மட்டை. ஓடிப்போய்ப் பறித்தேன். "உது சும்மாதானே கிடக்குது பிள்ளை" என்றார் அவர், பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. கராஜ் வாசலில் நின்ற அக்கா சிரித்தாள். அத்தானில் வந்த கோபத்தை விட அந்தச் சிரிப்பில் வந்த கோபம் பெரிது. இத்தனை வருடமாக, ஆட்டம் விட்டுப்போனதைப் பற்றி அவள் சிரித்தது மட்டும்தான். கோபப்படுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டாள்.

அக்கா இரண்டு ஆட்டக்காரி. இரண்டும் அயர்லாந்துக்காரரின் ஆட்டங்கள். ஒன்று, கையாலும் காலாலும் ஆடுகிற அவர்களுடைய கால்பந்து. மற்றது கமோகி, பெண்கள் மட்டையால் சின்னப் பந்தை வானத்துக்கு அடிப்பது. டோர்செட் பார்க் மாடிக் கட்டடத்தில் நாங்கள் இருந்தபோது, பள்ளிக்கூட விளையாட்டு ரீச்சர் ஒருவரால் முதலாவது தொற்றியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதும் வந்தது. மட்டையை அம்மா அகப்பை என்றுதான் சொல்வார். எலிவேற்றரில் அன்ரிமார் "ஹொக்கியோ பிள்ளை?" என்று கேட்டால் "ஓம் அன்ரி" என்பாள். விளக்கம் சொல்லி முடிக்க முதல் எங்கள் மாடி வந்துவிடும். எந்த ஆட்டமானாலும் பந்து எங்கே விழப்போகிறது என்று தெரிந்து, அது விழ முதல் அங்கே போய் நிற்பாள். அதைப் பார்க்கவே நான் போவேன்.

பெண்களின் இந்த இரண்டு ஆட்டங்களையும் தனித்தனியாக இரண்டு நிர்வாகக் குழுக்கள் நடத்தின. ஒரே நகரம், பாதிப்பேர் ஒரே பிள்ளைகள். ஆனாலும் ஒரு குழு ஆட்டத்துக்கு நாள் குறிக்கும்போது மற்றதைக் கேட்காது. கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. காலையில் யூனியன்வில்லில் ஒன்று முடிய, மத்தியானம் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் மற்றது. நான் கார் ஓட்ட, அக்கா பின்சீற்றில் குனிந்து உடுப்பு மாற்றுவாள். கால்பந்துக்குக் காற்சட்டை, கமோகிக்கோ பாவாடை மாதிரித் தைத்த ஒன்றைத்தான் போட வேண்டும் என்று அப்போது சட்டம். தலைக்கு ஹெல்மெட், காலுக்குப் பாவாடை. எந்த மண்டை யோசித்த சட்டமோ. அதற்குள் காலை நுழைத்துக்கொண்டே அம்மா கட்டித் தந்த புட்டையும் சாப்பிட்டு முடிப்பாள்.

கடைசி வருடம் அவளுடைய இரண்டு அணிகளும் இறுதியாட்டத்துக்கு வந்தன. ஒரே ஞாயிறு, ஒரே நேரம். ஒன்றைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லி இரண்டு பக்கமும் கெஞ்சினாள். மைதானம் எடுத்தாயிற்று என்றது ஒரு குழு. மற்றக் குழு அந்தச் சாட்டுக்கூடச் சொல்லவில்லை. எங்கே வருவதென்பது உன்னுடைய தெரிவு என்று இரண்டும் கையைக் கழுவின. அம்மாவுக்கு இதை வேலையிடத்திலிருந்து ரெலிபோனில் சொன்னது நான்தான். "அது அக்காட தெரிவாம் அம்மா. ரெண்டு பக்கமும் அப்பிடித்தான் சொல்லினம்." எங்கள் தமிழில் அணிக்கு ஆள் எடுப்பதும் தெரிவுதான். இரண்டு பக்கமும் மகளைத் தெரிவு செய்துவிட்டார்கள் என்றே அம்மாவுக்கு விளங்கியது. "பிள்ளை பட்ட பாடு வீண்போகேல்லை" என்று சொல்லி ரெலிபோனை வைத்துவிட்டார். பிறகு எலிவேற்றரில் கண்டவர்களையெல்லாம் ஞாயிறு பின்னேரம் வரச்சொல்லி, றோல்ஸ் பொரிக்க ஆயத்தமானார்.

அக்கா ஒன்றையும் விடவில்லை. கால்பந்தில் முதல் பாதி ஆடி, வென்றுகொண்டிருந்த அணியை விட்டுவிட்டு மேற்கே ஓடினாள். கமோகிப் பயிற்சியாளர் அவளை மைதானத்தில் இறக்கவில்லை. மற்றவர்களுக்குக் கொடுத்து மிஞ்சியதையா எங்களுக்குக் கொண்டுவருகிறாய் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் கோட்டுக்கு வெளியே கடைசிவரை நின்றாள். இரண்டு அணிகளும் தோற்றன. வீட்டுக்கு வந்தால் அன்ரிமார் கைதட்டினார்கள். அக்கா ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்து, எல்லோருக்கும் தாங்ஸ் சொல்லிச் சிரித்தாள். குசினிக்குள் அம்மாவுக்கு நான் விளங்கப்படுத்தினேன். அவர் அடுப்பை நிப்பாட்டிவிட்டுக் கேட்டார்: "ரெண்டையும் தெரிவு செய்தவள் அவள். ரெண்டில ஒண்டு எண்டது ஆரின்ர தெரிவு?" அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அடுத்த வருடம் அவளை இரண்டு பக்கமும் கூப்பிடவில்லை. கேட்டவர்களிடம், அவளாகவே விட்டுவிட்டாள் என்றார்கள். ஒருத்தியைத் துரத்திவிட்டு அவள் விலகினாள் என்று சொல்வது எவ்வளவு சுகமான வேலை.

பறித்த மட்டையோடு நான் விட்பி வீட்டுக் குசினிக்குள் வந்திருந்தபோது, அக்கா தன் ரெலிபோனை என் பக்கம் தள்ளினாள். அவள் முந்தி ஆடிய கழகத்திலிருந்து செய்தி. இரண்டு குழுக்களும் இப்போது ஒன்றாகச் சேரப்போகின்றனவாம். கழக மண்டபச் சுவரில் மாட்ட அவளுடைய மட்டை வேண்டுமாம். கீழே எழுதப்போகிற வரியையும் அனுப்பியிருந்தார்கள்: இரண்டு ஆட்டங்களிலும் திறமை காட்டி, பின்னர் குடும்ப வாழ்வைத் தெரிவு செய்தவர். அந்த நேரம் அவளுக்குக் கலியாணப் பேச்சே இல்லை. அத்தான் எந்த நாட்டில் இருந்தார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த முறை அக்கா சிரிக்கவில்லை. "உதைத் தா" என்று மட்டையை வாங்கினாள். அத்தானின் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளியே போய், கால்களை அகட்டி நின்று ஓங்கினாள். இடுப்பிலிருந்து எழும்புகிற அதே பழைய வீச்சு. பனிக்கட்டி உடைந்து பக்கத்து வீட்டு வளவுக்குள் போய் விழுந்தது. "நான் செய்தா மட்டும் பிழை" என்று அத்தான் முணுமுணுத்தார்.

"எழுதி அனுப்பு" என்றாள் அக்கா, திரும்பாமலே. "மட்டை இஞ்ச பனி தட்டுது, தரேலாது. இது என்ர தெரிவு எண்டு போடு."

அப்படியே எழுதி அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். கூரையோரத்தில் அடிக்க ஒன்றும் மிச்சமில்லை. அக்கா இன்னும் மட்டையை இறக்கவில்லை.